வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து சாம்பலாத் தெரியுது, ஜரிகை வெள்ளியா மாறுது: இணையக் கடைப் படத்துக்கு என்ன வழி?

தேக்கா_ஜோடி

வணக்கம். தீபாவளிக்கு முன்னாடி கடைச் சரக்கை ஷாப்பியிலும் கேரோசெல்லிலும் ஏத்தணும். மூணு வகை இருக்கு: பிள்ளைங்களுக்கான வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து, ஆம்பளைங்க போடுற கறுப்புத் தோல் சப்பாத்து, ஜரிகையும் கண்ணாடிக் கல்லும் வச்ச ஜுத்தி (வட இந்தியப் பாணிக் காலணி). மொத்தம் நாப்பது ஜோடிக்குப் பக்கம்.

கையில ஐபோன் இருக்கு (3 மடங்கு லென்ஸ் உண்டு). பழைய கேனன் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா, 18-55 லென்ஸ், 50 எஃப் 1.8 லென்ஸ், லேசான முக்காலி, இவ்வளவுதான். இடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டு ஹால், ஜன்னலோரம் சாப்பாட்டு மேசை.

வெள்ளைச் சப்பாத்து சாம்பலா விழுது. வெளிச்சத்தைக் கூட்டினா ஓரமெல்லாம் பின்னணியோட கரைஞ்சு, லேஸ் மட்டும் அந்தரத்துல நிக்குது. கறுப்புத் தோல் ஒண்ணு கரிக்கட்டி மாதிரி இருக்கு, இல்லன்னா மேல குழல்விளக்குக் கோடு நீளமா ஓடுது. ஜுத்தியில தங்க ஜரிகை வெள்ளி ஜரிகையா வருது. "படத்துல ஒண்ணு, கையில ஒண்ணு"ன்னு ரெண்டு மூணு பேர் திருப்பி அனுப்பிட்டாங்க.

லைட் பாக்ஸ் (பொருளை உள்ள வச்சுப் படம் எடுக்கிற விளக்குப் பெட்டி) வாங்கலாமா? 100 சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள (டாலர்) முடிக்கணும்.

நிழல்தட்டி

லைட் பாக்ஸ் வேண்டாம். 40 செ.மீ. பெட்டிக்குள்ள 30 செ.மீ. ஷூவை வச்சா நாலு பக்கமும் ஒரே வெளிச்சம் விழும், உருவமே தட்டையாயிடும். போதாக்குறைக்கு பெட்டிக்குக் கிட்ட நின்னு அகல லென்ஸ்ல எடுக்க வேண்டி வரும், மூக்கு மட்டும் புடைச்சு நிக்கும். உங்க மூணு சிக்கலுக்கும் வெளிச்சம் குறைவு காரணமே இல்லை. வெளிச்சம் எங்க விழக்கூடாதோ அங்கயும் விழுது, அதுதான் சங்கதி. அதுக்கு அட்டை போதும்.

வாங்க வேண்டியது: ஏ1 அளவு வெள்ளை அட்டை ஒண்ணு (மடங்காம வளையுற கனம்), ஏ3 ஃபோம் போர்டு வெள்ளை ரெண்டு, கறுப்பு ரெண்டு, ஏ2 டிரேசிங் தாள் ரெண்டு, புளூ டாக் (ஒட்டிப் பிடிக்கிற களிம்பு), நிறத்தைச் சரிபார்க்கிற சாம்பல் அட்டை ஒண்ணு. முதல் அஞ்சும் பாப்புலர் புத்தகக் கடையிலயே கிடைக்கும், இல்லன்னா பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கலைப்பொருள் கடைங்க. சாம்பல் அட்டைக்கு கேமராக் கடையில கேளுங்க, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிடைக்கும். 100 வெள்ளியில மிச்சம் இருக்கும்.

ஏ1 அட்டையை நீளவாக்குல வச்சு, 50 செ.மீ. மேசை மேல படுக்கவிட்டு, மிச்சத்தைப் பின்னாடி நாற்காலியில சாய்ச்சு ஒட்டுங்க. வளைவு விழணும், மடிப்பு விழக்கூடாது. மடிப்பு விழுந்தா ஒவ்வொரு படத்துலயும் சாம்பல் கோடா நிக்கும். ஜன்னல் ஷூவுக்கு இடது பக்கம் இருக்கட்டும். ஹால் விளக்கு, சமையலறை விளக்கு எல்லாத்தையும் அணைச்சிடுங்க. மஞ்சள் எல்இடியும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தா ஷூவோட ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சளா ஆயிடும். அதை எந்தச் செயலியாலயும் சுலபமாப் பிரிக்க முடியாது. மின்விசிறியும் நிக்கணும், தாள் ஆடும்.

நேரம் முக்கியம். நம்ம கடிகாரத்துல சூரியன் உச்சிக்கு வர்றது மதியம் 1 மணி வாக்கில. பதினொன்றரையிலிருந்து ரெண்டரை வரைக்கும் பெரும்பாலான ஜன்னல்ல நேர் வெயில் நுழையாது, வெளிச்சம் ஒரே சீரா இருக்கும். காலையில கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு ஜன்னல், ரெண்டும் ஆகாது: ஜன்னல் கம்பி நிழல் ஷூ மேல வரிவரியா விழும். வேற நேரமே கிடைக்கலன்னா கம்பி மேல டிரேசிங் தாளை ஒட்டுங்க. கண்ணாடி பச்சை, நீலச் சாயல் உள்ளதா இருந்தா கதவைத் திறந்துட்டு எடுங்க. ஜன்னலுக்கு வெளிய பெரிய மரம் இருந்தாலும் வெள்ளை ஷூவுல பச்சை ஏறும். ஹால் சுவருக்குப் பீச் நிறம் அடிச்சிருந்தா எதிர்ப்பக்கத்துல வெள்ளைத் தட்டி (வெள்ளை ஃபோம் போர்டு) வச்சு மறைங்க.

இப்ப வெள்ளைச் சப்பாத்து. எதைப் பார்த்தாலும் கேமரா அதை நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளைத் தாள் மேல வெள்ளை ஷூன்னா சாம்பல் வரத்தான் செய்யும். எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) +0.7லிருந்து +1 வரை ஏத்துங்க (போன்ல ஷூ மேல விரலை அழுத்திப் பிடிச்சுப் பூட்டிட்டு, சூரியக் குறியை மேல தள்ளுங்க). பத்தலன்னா இன்னும் கொஞ்சம் ஏத்தலாம், ஆனா கீழ சொல்ற அளவைத் தாண்டக்கூடாது. கணக்கு இதுதான்: 0லிருந்து 255 அளவுல (0 கறுப்பு, 255 தூய வெள்ளை) பின்னணி 248 பக்கம் இருக்கணும், ஷூவோட வெளிச்சமான பகுதி 230 பக்கம் இருக்கணும். லைட்ரூம்னு படம் திருத்துற செயலியில சதவீதமாக் காட்டும், 230ன்னா 90. இந்தச் சின்ன இடைவெளியிலதான் துணி நெய்தலும் தையலும் உயிர் வாழுது. ரெண்டையும் 250க்குக் கொண்டு போனா நீங்க சொன்ன அந்தரத்து லேஸ்தான் மிஞ்சும்.

ஓரம் கரையாம இருக்க, கறுப்பு ஃபோம் போர்டை ஷூவுக்கு ரெண்டு பக்கமும் படச் சட்டத்துக்கு வெளிய, 10-15 செ.மீ. தள்ளி நிறுத்துங்க. ஜன்னல் பக்கத்து அட்டை முழு உயரத்துக்கு நின்னா வெளிச்சத்தையே மறைச்சிடும், அதை 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டிப் படுக்கவாக்குல வையுங்க. சோல் ஓரத்துலயும் குதிகால் வளைவுலயும் மெல்லிசா ஒரு சாம்பல் கோடு வரும். பென்சிலால வரைஞ்ச மாதிரி இருந்தா சரி, கரி பூசின மாதிரி இருந்தா அட்டையை இன்னும் 5 செ.மீ. தள்ளுங்க. பின்னணி மங்கலா இருந்தா, வளைவுக்கு மட்டும் ஒரு மேசை விளக்கைப் போடலாம்னு தோணும். போடாதீங்க, மறுபடியும் ரெண்டு நிறம் கலக்கும். ஷூவை வளைவிலிருந்து முன்னாடி நகர்த்தி, வளைவை ஜன்னலுக்குக் கிட்டக் கொண்டு போங்க, போதும்.

கறுப்புத் தோலை அடுத்த பதிவுல எழுதுறேன்.

அங்மோகியோ_அக்கா

தம்பி வெளிச்சத்தைச் சொல்லிட்டாரு. ஆனா சப்பாத்தையே ஒழுங்குபண்ணாம எடுத்தா எந்த வெளிச்சமும் காப்பாத்தாது. ஒரு ஜோடிக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க.

உள்ள திணிக்கிறதுக்கு வெள்ளை டிஷ்யூ தாள். செய்தித்தாள் வேண்டாம், மை வெள்ளை உள்துணியில ஒட்டும், நம்ம ஊர் ஈரப்பதத்துல இன்னும் சீக்கிரம் ஒட்டும். மூக்குப் பக்கம் கெட்டியாத் திணிங்க, நடுவுல தளர்வா விடுங்க. நடுவுல அதிகமாப் போனா நாக்கு வெளிய பிதுங்கி, லேஸ் வரிசை கோணும். நாக்கு சரிஞ்சு விழுதுன்னா பின்னாடி தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்க.

லேஸைக் கழட்டி, லேசான சூட்டுல இஸ்திரி போட்டு, மறுபடி கோர்த்திடுங்க. முறுக்கு விழாம ஒவ்வொரு பட்டையும் தட்டையா இருக்கணும். இடது சப்பாத்துல இடப் பக்கப் பட்டை மேல வந்தா, வலதுல வலப் பக்கப் பட்டை மேல வரணும். முனை ரெண்டும் உள்ள போயிடணும். வெல்க்ரோ வகைன்னா கொக்கிப் பக்கம் ஒட்டியிருக்கிற நூல்தூசியைப் பழைய பல்துலக்கியால எடுத்துட்டு, பட்டையைத் தையல்கோட்டுக்கு நேரா ஒட்டுங்க. ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் பெரிசாக்கிப் பார்க்கிறப்ப பழைய சப்பாத்து மாதிரி தெரியும்.

கேன்வாஸ் சுருக்கத்துக்குக் கைநீராவிக் கருவியை 15 செ.மீ. தள்ளிப் பிடிங்க. தோலுக்கு நீராவி கூடாது. கறுப்புத் தோலுக்கு மெழுகு பாலிஷ் அப்பாதீங்க, தூசியெல்லாம் அதுல உட்கார்ந்து வெள்ளைப் புள்ளியா விழும். நிறமில்லாத கிரீம் கொஞ்சம் தடவி, குதிரைமுடி பிரஷ் போட்டு, கடைசியா ஊதுபந்தால ஊதினா போதும். தொடுறதுக்குப் பருத்திக் கையுறை. அடியில விலை ஒட்டி இருந்தா அதோட பசையையும் சேர்த்து எடுத்துடுங்க, அடிப்பாகப் படத்துல அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. பள்ளிச் சப்பாத்து நிறத்துக்காகத் திரும்பி வராது, அளவுக்காகத்தான் வரும். உள்ளங்கால் அட்டையை வெளிய எடுத்து, அளவுகோல் பக்கத்துல படுக்கவச்சு, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்க. யூகே 2ன்னு எழுதுறதைவிட அம்மாக்களுக்குச் செ.மீ. கணக்கு பிடிபடும், பிள்ளையோட காலை வீட்டிலேயே அளந்துக்குவாங்க.

நிழல்தட்டி

அக்கா சொன்ன அளவுகோல் படம் அவசியம் வேணும்.

கறுப்புத் தோல்: பளபளப்பான கறுப்புல தெரியுறது தோலே இல்லை, அது பிரதிபலிக்கிற பொருள்தான். குழல்விளக்கு இருந்தா குழல்விளக்கைக் காட்டும், ஒண்ணும் இல்லன்னா கரியாத்தான் இருக்கும். அதனால அது பிரதிபலிக்க ஒரு பெரிய வெள்ளைப் பரப்பைக் கொடுக்கணும். ஷூ நீளத்தைப் போல ரெண்டு மடங்கு வேணும்னு வச்சுக்கோங்க. ஆம்பளை யூகே 8 ஷூ வெளியளவு 30 செ.மீ. வரும், ஏ2 தாளோட நீளம் 59.4 செ.மீ., கச்சிதமா பொருந்தும்.

கடிகார முகத்து நடுவுல ஷூ, 6 மணியில கேமரான்னு நினைச்சுக்கோங்க. டிரேசிங் தாளை 10 மணி இடத்துல, ஷூவிலிருந்து 25 செ.மீ. தள்ளி, மேல் பக்கம் ஷூவை நோக்கிக் கொஞ்சம் சாய்ச்சு நிறுத்துங்க. வெளிச்சம் அதுக்குப் பின்னாடி. ஜன்னலாவே இருந்தா சிறப்பு. விளக்குன்னா தாளுக்கு 50-60 செ.மீ. பின்னாடி தள்ளணும். கிட்ட வச்சா தாள் நடுவுல சூடான வட்டம் விழும், அதே வட்டம் ஷூவுல வந்து உட்காரும். எதிர்ப்பக்கம் 4 மணியில வெள்ளைத் தட்டி. மூக்கு மேல வெள்ளை மெதுவாக் கறுப்பா இறங்கினா வேலை முடிஞ்சது. வெள்ளைப் பட்டையோட விளிம்பு வெட்டின மாதிரி தெரிஞ்சா தாளோட கோணத்தை மாத்துங்க, விளக்கைத் தொடாதீங்க.

போலரைசர் ஃபில்டர் இருந்தா தோல் பளபளப்பைக் குறைக்கும், ஆனா முழுசாத் திருகினா தோலே ரப்பர் மாதிரி ஆயிடும். பாதி போதும். கொக்கி, லேஸ் துளை மாதிரி உலோகத்துக்கு அது வேலை செய்யாது.

போன்ல எடுத்தா நிழலையெல்லாம் அதுவே தூக்கிக் கறுப்பைச் சாம்பலாக்கும். திருத்தும்போது எக்ஸ்போஷரைத் தொடாம கறுப்புப் புள்ளி (பிளாக் பாயிண்ட்) அமைப்பை மட்டும் கீழ இறக்குங்க. அப்புறம், பிரகாசமான சட்டை போட்டுக்கிட்டு எடுக்காதீங்க, ஷூ மூக்குல சின்னதா நீங்களே நிப்பீங்க.

தேக்கா_ஜோடி

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ரெண்டு கேள்வி. மழை வந்து இருட்டிட்டா எல்இடி விளக்கு போட்டு எடுக்கிறப்ப படத்துல குறுக்கே கறுப்புப் பட்டை விழுது, விளக்கு கெட்டுப்போச்சா? ரெண்டாவது, பின்னணியை அழிக்கிற செயலி இருக்கே, அதைப் போட்டா இந்த அட்டை வேலையெல்லாம் மிச்சமாகாதா?

குவீன்ஸ்வே_கோணம்

விளக்கு கெடலை. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் வேகம் 1/250, 1/500 நொடின்னு போனா அந்த மினுக்கல் பட்டையா விழும். 1/100, 1/50 அல்லது அதைவிட மெதுவா வச்சா போயிடும். முக்காலியில இருக்கு, ஷூ எங்கயும் ஓடிப்போகாது, அரை நொடி வச்சாக்கூடப் பரவாயில்லை. 2 நொடி டைமர் போட்டுடுங்க. விளக்கு வாங்குறதா இருந்தா சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 95க்கு மேல எழுதியிருக்கிறதைப் பாருங்க, குறைஞ்சதுல சிவப்பும் பழுப்புத் தோலும் செத்துப் போகும்.

பின்னணி அழிக்கிற செயலியில எனக்கு நம்பிக்கை கம்மி. வெள்ளை மேல வெள்ளை எடுத்த படத்துல அது சோல் ஓரத்தைக் கடிக்கும், லேஸ் வளையத்துக்குள்ள இருக்கிற சாம்பலை அப்படியே விட்டுடும், வலைத்துணியில ஓட்டை போடும். எல்லாத்துக்கும் மேல, ஷூ தரையைத் தொடுற இடத்து நிழலைத் தூக்கிடும், ஷூ பறக்கும். ஒழுங்கா எடுத்த படத்துக்கு அழிக்க வேண்டியதே இருக்காது: திருத்துற செயலியோட லெவல்ஸ் அமைப்புல வெள்ளை முனையை 248க்கு இழுத்தா பின்னணி தானா 255 ஆயிடும், அடி நிழல் மிஞ்சும். சரியா வெளுத்திருக்கான்னு பார்க்க, படத்தை டார்க் மோட்ல இருக்கிற அரட்டைச் செயலியில உங்களுக்கே அனுப்பிப் பாருங்க. மூலையில சாம்பல் மிச்சம் இருந்தா உடனே காட்டிக் கொடுக்கும்.

கோணத்தைப் பத்தி யாரும் சொல்லலை. 50 லென்ஸை கேனன்ல மாட்டி 1.2 மீட்டர் தள்ளி நில்லுங்க. எஃப் 8ல (எஃப் எண்தான் லென்ஸ் துவார அளவு) கூர்மை 17-18 செ.மீ. ஆழம்தான் கிடைக்கும், முக்கால்வாசித் திருப்பின ஷூவுக்கு அது பத்தாது. எஃப் 11ல 24 செ.மீ. பக்கம் வரும். ஃபோகஸ் மூக்குலயும் வேண்டாம், குதிகால்லயும் வேண்டாம், முதல் லேஸ் துளைங்க மேல. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. எஃப் 16க்கு மேல போனா மொத்தப் படமும் மழுங்கும்.

போன்னா 3 மடங்கு லென்ஸ்ல, ஒரு மீட்டருக்குக் குறையாம. கிட்டப் போனா போன் சொல்லாமக் கொள்ளாமச் சாதாரண லென்ஸுக்கு மாறி வெட்டிக் காட்டும். கண்டுபிடிக்க 3 மடங்கு லென்ஸை விரலால மூடுங்க. திரை இருட்டலன்னா ஏமாத்துது.

முதல் படம் எந்தத் தளத்துக்குன்னு பார்த்து எடுங்க. ஷாப்பிக்குச் சதுரம், ஜோடியா வைக்கலாம். பின்னால அமேசானுக்குப் போற எண்ணம் இருந்தா இப்பவே ஒத்தை ஷூ, மூக்கு இடப் பக்கம், 45 பாகைத் திருப்பம், தூய வெள்ளைப் பின்னணி, சட்டத்துல 85 சதவீதம் நிறையுற மாதிரி ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. அவங்க முதல் படத்துக்கு அதுதான் விதி. செயலியிலிருந்து படத்தைச் சேமிக்கிறப்ப 2000க்கு 2000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறமுறை.

மிச்சப் படங்கள்: வெளிப்பக்கம், உள்பக்கம், ஜோடியாப் பின்பக்கம், மேலிருந்து, அடி, உள் அளவு முத்திரை. கேமரா உயரம் ஷூவோட பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேல. பின்பக்கத்துக்கு மட்டும் நேர் மட்டம்.

நாப்பது ஜோடிக்கும் ஒரே அளவுல வரணும்னா மூக்கும் குதிகாலும் வர்ற இடத்தை அட்டையோட ஓரத்துல பென்சிலால குறிச்சு, முக்காலிக் கால்களைத் தரையில டேப் போட்டு நிறுத்துங்க. ஒரு ஷூவுக்கு எல்லாக் கோணமும் எடுத்துட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. ஒரே கோணத்துல எல்லா வெள்ளையும், பிறகு கோணத்தை மாத்தி மறுபடி எல்லா வெள்ளையும். அதுக்கப்புறம்தான் கறுப்பு.

பழைய இருப்பு ஏதும் இருந்தா, படம் எடுக்கிறதுக்கு முன்னாடி சோலை ரெண்டு கையால வளைச்சுப் பாருங்க. பாலியூரித்தேன் சோல் நம்ம ஊர் ஈரத்துல பெட்டிக்குள்ளயே உளுத்துப் போகும், வெளிய புதுசாத் தெரியும். கடைக்காரர் விற்றால் லெமன் சட்டம் (குறையுள்ள பொருள் வாங்கினவங்களுக்கான சிங்கப்பூர்ச் சட்டம்) பொருந்தும், 2012 செப்டம்பரிலிருந்து நடப்புல இருக்கு: ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, விற்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. அழகான படம் அங்க உதவாது.

அங்மோகியோ_அக்கா

செயலி விஷயத்துல முழுசா ஒத்துக்க மாட்டேன். கறுப்புத் தோலுக்கு அது நல்லாவே வெட்டும், நேரம் மிச்சம். வெள்ளைக்கும் ஜுத்திக்கும் மட்டும் வேண்டாம்னு வச்சுக்கலாம்.

குவீன்ஸ்வே_கோணம்

சரி, கறுப்புக்கு விட்டுக் கொடுக்கிறேன். அடி நிழலை மட்டும் திரும்பச் சேர்த்துடுங்க.

நிழல்தட்டி

ஜுத்தி பாக்கி இருக்கு. ஜரிகை வெள்ளியாகுறது தானியங்கி வெள்ளைச் சமநிலையோட (ஒயிட் பேலன்ஸ், கேமரா தானா நிறத்தைச் சரிபண்றது) வேலை. சட்டம் முழுக்கத் தங்கம் நிறைஞ்சா "எல்லாம் மஞ்சளா இருக்கே"ன்னு அது நீலத்தைக் கலந்துடும். கேனன்ல சாம்பல் அட்டையைப் படம் எடுத்து கஸ்டம் வெள்ளைச் சமநிலையில வச்சுடுங்க. போன்ல முதல் படத்துல ஜுத்தி பக்கத்துலயே சாம்பல் அட்டையை வச்சு எடுத்து, லைட்ரூம்ல நிறம் எடுக்கிற துளிகருவியால (ஐட்ராப்பர்) அட்டையைத் தொட்டு, வர்ற அமைப்பை மத்த எல்லாப் படத்துக்கும் நகலெடுங்க. மேகம் நகர்ந்தா, மழை வந்தா, சாம்பல் அட்டையை மறுபடி வைக்கணும். போன்ல "காட்சிக்கேற்ப அழகாக்கும்" வசதி எது இருந்தாலும் அணைச்சிடுங்க, மெரூனை ரோஜாவாக்குறதே அதுதான்.

டிரேசிங் தாள் வெளிச்சம் மட்டும் போட்டா ஜரிகை மங்கலாக் கிடக்கும், மினுக்கத்துக்குச் சின்ன, கடுமையான வெளிச்சம் ஒண்ணு வேணும். கைவிளக்கை 1 மணி இடத்துல, ஜுத்தியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல வச்சு, ஜரிகை மேல சாய்வா அடிங்க. வெள்ளை எல்இடி கைவிளக்கா இருக்கட்டும், மஞ்சள் வேண்டாம். ஒவ்வொரு இழையும் தனித்தனியா எழும்பித் தெரியும். பளீர்னு அடிச்சா அது மேல ஒரு அடுக்கு டிஷ்யூ.

கண்ணாடிக் கல்லுல கேமராவும் உங்க முகமும் தெரியும். மிச்சமிருக்கிற கறுப்பு ஃபோம் போர்டு நடுவுல லென்ஸ் அகலத்துக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் முன்னாடி மாட்டுங்க. கல்லெல்லாம் கறுப்பா, சுத்தமா இருக்கும், நடுவுல கைவிளக்குப் புள்ளி மட்டும் மின்னும்.

ஜுத்தி மென்மையானதால மேல்பகுதி அமுங்கிடும், டிஷ்யூவை மூக்குலயிருந்து பாதி வரைக்கும்தான் திணிக்கணும், உள்ளங்கால் வேலைப்பாடு மறையக்கூடாது. ஒண்ணைப் படுக்கவச்சு, இன்னொண்ணை அது மேல 30 பாகைக்குச் சாய்ச்சு, குதிகால் அடியில புளூ டாக் உருண்டை வச்சுப் பிடிங்க. எண்ணெய்க் கறை படும், அதனால புளூ டாக் தோல் அடியில மட்டும், வெல்வெட்டுல படவே கூடாது. வெல்வெட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே திசையில துலக்குங்க, ஜோடி ரெண்டுக்கும் அதே திசை. எதிரெதிராத் துலக்கினா ஒண்ணு அடர் மெரூன், இன்னொண்ணு வெளிர் மெரூன்னு வந்து, அதுக்கும் "நிறம் வேற"ன்னு திருப்பி அனுப்புவாங்க.

தேக்கா_ஜோடி

வெல்வெட்டுக்கு அதுதான் காரணமா! ரெண்டு ஜோடி அப்படித்தான் திரும்பி வந்துச்சு. சனிக்கிழமை மதியம் வெள்ளையிலயே தொடங்குறேன். கேமரா படுக்கையறை ஏர்கான்ல இருக்கு, ஹாலுக்குக் கொண்டு வந்ததும் லென்ஸ் பனிச்சுப் போகுதே, துடைச்சா போதுமா?

குவீன்ஸ்வே_கோணம்

துடைக்காதீங்க, மறுபடி பனிக்கும், துணியோட நாரும் ஒட்டும். அறையிலேயே ஜிப் பைக்குள்ள போட்டு மூடிட்டு ஹாலுக்குக் கொண்டு வாங்க, 20 நிமிஷம் கழிச்சுத் திறங்க. அதுக்குள்ள லேஸ் கோர்க்கிற வேலையை முடிச்சிடலாம்.